கப்பும் கிராமும்: பேக்கிங் அளவுகளைப் பிழையில்லாமல் மாற்றும் முறை

கேக் உப்பவில்லை என்றால் புதிதாகக் கற்பவர்கள் அடுப்பையோ பேக்கிங் பவுடரையோதான் சந்தேகிக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பிழை அதற்கு வெகு முன்பே, மாவை அள்ளும்போதே நடந்து முடிந்திருக்கிறது. ஒரே செய்முறையைப் பார்த்து ஒரே கப்பில் இருவர் மைதாவை அள்ளினால், ஒருவர் கப்பில் 120 கிராமும் மற்றவர் கப்பில் 145 கிராமும் இருக்கும். இருவரும் தாங்கள் "ஒரு கப்" எடுத்ததாகவே நம்புவார்கள்.

கப்பைக் கிராமாக மாற்றும் கணக்கு ஒரே ஒரு பெருக்கல்தான். எந்தக் கப், எப்படி நிரப்பிய கப் என்று தெரிந்துகொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கணக்கு ஏழாவது படியில்தான் வருகிறது. முந்தைய ஆறையும் தாண்டி நேராக அங்கே போனால் எண்கள் அழகாக வரும், கேக் வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு. வீட்டுக்கு 5 கிலோ வரை தாங்கும் தராசு போதும். கிண்ணத்தின் எடையைக் கழித்துச் சுழியம் காட்டும் பொத்தான் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத தராசில் ஒவ்வொரு பொருளுக்கும் கழித்தல் கணக்குப் போட வேண்டியிருக்கும், அங்கேதான் தவறு நுழையும்.

அளவுக் கப்புகளும் அளவுக் கரண்டிகளும் ஒரு தொகுப்பு. சாப்பிடும் கரண்டியும் காபி டம்ளரும் இதற்கு ஆகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல். கரண்டிகளையும் தராசையும் சோதிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். மாற்றிய அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். மாவு ஒட்டிய கையோடு கைப்பேசியில் கணக்குப் போடுகிறவர்கள் ஏதாவது ஒரு பொருளை மாற்ற மறந்துவிடுவார்கள். பாதிப் பொருள் கப்பிலும் பாதி கிராமிலும் விழுந்தால் விகிதம் குலைந்துபோகும்.

2. தராசைச் சோதியுங்கள்

தராசைச் சமதளத்தில் வையுங்கள். துணி விரித்த மேசை, ஆடும் ஸ்டூல் இரண்டும் வேண்டாம். வெறும் கிண்ணத்தை வைத்துச் சுழியமாக்கிவிட்டு, சிரிஞ்சால் 10 மி.லி. தண்ணீர் விடுங்கள். 10 கிராம் காட்ட வேண்டும். பத்து முறை விட்டால் 100 காட்ட வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்று எடுத்துக்கொள்வதில் சமையலுக்குப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு வராது.

100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

பலர் அறியாத ஒன்று உண்டு. சில தராசுகள், பொருளை மிகச் சிறிது சிறிதாகத் தூவினால் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஈஸ்டையோ உப்பையோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டே போவோம், எண் நகராது, நாமும் கொட்டிக்கொண்டே இருப்போம். சந்தேகம் வந்தால் கிண்ணத்தைத் தூக்கிவிட்டு மீண்டும் வையுங்கள், உண்மையான எடை தெரிந்துவிடும். தராசு தானாக அணைந்துபோவதும் உண்டு. வெறும் கிண்ணத்தின் எடையை முதலிலேயே எழுதி வைத்திருந்தால், நடுவில் அணைந்தாலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

3. உங்கள் கப் எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து பாருங்கள்

கப்பின் அடியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். கப்பைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர்தான் உங்கள் கப். அதைக் கப்பின் மேலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள். அரைக் கப், கால் கப் இரண்டையும் இதேபோல் பாருங்கள். மலிவான தொகுப்புகளில் நான்கு கால் கப் சேர்ந்து ஒரு கப் ஆகாமல் போவதுண்டு.

பிறகு கரண்டிகள். தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. இருக்க வேண்டும். சிரிஞ்சால் தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதைச் செய்யாதவர்கள் அதிகம் விழும் குழி, மின்சார ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப். அது பெரும்பாலும் 180 மி.லி. கொண்டது. அமெரிக்கச் செய்முறை ஒன்றை அந்தக் கப்பால் அளந்தால் மாவும் சர்க்கரையும் பாலும் கால் பங்கு குறையும். முட்டை எண்ணிக்கையும் சோடா அளவும் மட்டும் முழுதாக இருக்கும். முட்டை வாடையும் சோடாக் கசப்பும் கொண்ட கேக் அப்படித்தான் பிறக்கிறது.

"எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறாதே" என்று சிலர் கேட்பார்கள். கப்பால் அளக்கும் பொருள்களுக்குள் மாறாது, உண்மைதான். முட்டையை எண்ணியும், சோடாவைக் கரண்டியிலும், வெண்ணெயைப் பாக்கெட்டிலும் அளக்கும்வரை அந்த வாதம் முழுமையாகாது.

4. செய்முறை எந்த நாட்டுடையது என்று பாருங்கள்

ஒரு கப் என்பது உலகம் முழுவதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் 237 மி.லி., நடைமுறையில் 240 என்று கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 250. ஜப்பானில் 200. நம் கடைகளில் 240, 250 இரண்டுமே கிடைக்கின்றன. 240-க்கும் 250-க்கும் உள்ள வேறுபாடு சிறியது, கேக் அதைத் தாங்கிக்கொள்ளும். 180-க்கும் 250-க்கும் உள்ளதைத் தாங்காது.

மேசைக்கரண்டியில் ஆஸ்திரேலியச் செய்முறைகள் தனி ரகம். அங்கே ஒரு மேசைக்கரண்டி 20 மி.லி., அதாவது நான்கு தேக்கரண்டி. மற்ற இடங்களில் மூன்றுதான். "ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர்" என்று ஆஸ்திரேலியர் எழுதினால் நான்கு தேக்கரண்டி என்று பொருள். இது தெரியாமல் மூன்று போட்டுவிட்டுக் கேக் உயரவில்லை என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவுன்ஸ் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு, அமெரிக்காவில் 29.57 மி.லி. "8 அவுன்ஸ் பால்" என்றால் பெரும்பாலும் திரவ அவுன்ஸ், ஒரு கப். "8 அவுன்ஸ் மாவு" என்றால் எடை, 227 கிராம், ஏறத்தாழ இரண்டு கப். எட்டு அவுன்ஸ் ஒரு கப் என்று மனப்பாடம் செய்தவர்கள் மாவையும் ஒரு கப்பே எடுத்துவிடுகிறார்கள். மாவு பாதியாகிவிட்டால் அந்தக் கேக்கை எந்த அடுப்பாலும் காப்பாற்ற முடியாது.

பிரிட்டிஷ் செய்முறைகளில் பெரும்பாலும் கிராம் கொடுத்திருப்பார்கள். கிராம் ஏற்கெனவே இருந்தால் எதையும் மாற்றாமல் அப்படியே தராசில் நிறுத்துவிடுங்கள். சில செய்முறைகளில் இரண்டும் இருக்கும். அப்போது எழுதியவர் எதைக் கொண்டு செய்தாரோ அதைப் பின்பற்றுவதே நல்லது. 225 கிராம், 175 கிராம் என்று 25-இன் மடங்குகளாக இருந்தால் அவர் நிறுத்துச் செய்திருக்கிறார். 237 கிராம், 149 கிராம் என்று இருந்தால் கப்பிலிருந்து யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

5. எப்படி நிரப்பிய கப் என்று கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படி. தண்ணீர் எப்படி ஊற்றினாலும் ஒரே எடைதான். மாவு அப்படியல்ல, அதன் துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது. டப்பாவில் தட்டித் தட்டி நிரப்பிய மாவில் காற்று குறைவு. சலித்த மாவில் அதிகம்.

மைதாவை மூன்று விதமாக அளப்பார்கள். மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம். கப்பை நேராக டப்பாவுக்குள் முக்கி எடுத்து வழித்தால் 140 முதல் 145. சலித்த மாவை அள்ளாமல் கப்புக்குள்ளேயே விழவிட்டு வழித்தால் 110-ஐ ஒட்டி வரும். அமெரிக்காவில் கிங் ஆர்தர் மாவு நிறுவனம் தன் செய்முறைகளுக்கு ஒரு கப்பை 120 கிராம் என்று கொள்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் 125. கப்பை முக்கி எடுப்பவர்கள் எழுதும் செய்முறைகளில் 142 வரை போகும்.

செய்முறையின் முன்னுரையையோ அடிக்குறிப்பையோ தேடிப் பாருங்கள், பலர் தங்கள் முறையை எழுதியிருப்பார்கள். எதுவும் இல்லையென்றால் 125 வைத்துத் தொடங்குங்கள். குறைவான மாவைப் பிறகு ஒரு கரண்டி சேர்த்துச் சரிசெய்யலாம். கூடிப்போன மாவை வெளியே எடுக்க வழியில்லை.

சொல் வரிசையையும் கவனியுங்கள். "சலித்த மாவு ஒரு கப்" என்றால் முதலில் சலிக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும். "ஒரு கப் மாவு, சலித்தது" என்றால் முதலில் அளந்துவிட்டுப் பிறகு சலிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கப்புக்குப் பத்துப் பதினைந்து கிராம் வேறுபாடு. கிராமில் நிறுத்துவிட்டால் எப்போது சலித்தாலும் எடை ஒன்றேதான்.

நம் வீடுகளில் இதே சிக்கல் சர்க்கரையில் வருகிறது, இன்னும் பெரிதாக. நம் ஊர்ச் சர்க்கரை பெரிய படிகமாக இருப்பதால் மிக்சியில் பொடித்துத்தான் கேக்கில் சேர்க்கிறோம். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். பொடித்த சர்க்கரையை அள்ளினால் ஒரு கப் 120 கிராம்தான். "ஒரு கப் சர்க்கரையைப் பொடித்தது" என்று சொன்னால் முதலாவது. "பொடித்த சர்க்கரை ஒரு கப்" என்று சொன்னால் இரண்டாவது. இரண்டுக்கும் இடையே 80 கிராம் இருக்கிறது, கேக் இனிப்பதும் இனிக்காததும் அதில்தான். செய்முறை தெளிவாக இல்லையென்றால் பத்தாவது படியில் உள்ள விகிதத்தை வைத்து எது என்று முடிவு செய்யுங்கள். எதுவானாலும் பொடிப்பதற்கு முன்பே நிறுத்துவிடுங்கள்.

பழுப்புச் சர்க்கரையை அமெரிக்கர்கள் கப்பில் அழுத்தி நிரப்புவார்கள், 213 முதல் 220 கிராம் வரும். அதற்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போடுபவர்கள் அந்தக் கிராம் கணக்கிலேயே போடுங்கள். நாட்டுச் சர்க்கரை ஈரம் குறைந்தது, உதிரியானது. கப்பில் அழுத்தினாலும் அதே எடை வராது.

6. ஒரு கப்பின் எடை

கீழே இருப்பவை அமெரிக்கக் கப்புக்கு. உங்கள் செய்முறை 250 மி.லி. கப்பில் எழுதப்பட்டதென்றால் 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மைதா, தளர்வாக நிரப்பியது: 120–125 கிராம்
கோதுமை மாவு: 120–130
ரவை: 165
சோள மாவு, வெள்ளை (கார்ன்ஃப்ளோர்): 120–128
பாதாம் பொடி: 96
கோகோ பவுடர்: 85
சர்க்கரை: 200
பொடித்த சர்க்கரை: 115–120
வெண்ணெய்: 227
எண்ணெய், உருக்கிய நெய்: 218
பால்: 244
தயிர்: 245
தேன்: 340
கண்டன்ஸ்டு மில்க்: 306
மசித்த வாழைப்பழம்: 225
தண்ணீர்: 237

தேனும் எண்ணெயும் இந்த வரிசையில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். ஒரு கப் என்றாலே 250 கிராம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒன்றே பதில்.

பட்டியலில் இல்லாத பொருளுக்கு, கேழ்வரகு மாவுக்கோ கம்பு மாவுக்கோ, நீங்களே கண்டுபிடிக்கலாம். மாவைக் கிளறி, தளர்வாக நிரப்பி, வழித்து, நிறுத்துப் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒருமுறை அளந்து எழுதுவதில் கை அழுத்தத்தின் வேறுபாடும் சேர்ந்துவிடும். பால் பவுடரை மட்டும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் நிறுத்தாக வேண்டும். உடனே கரையும் வகையும் சாதாரண வகையும் ஒரே கப்பில் கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபடும்.

முந்திரி, வால்நட் போன்றவற்றில் முழுதாகவா நறுக்கியா என்பதைப் பொறுத்து எடை மாறும், ஆனால் கேக்கின் அமைப்பு அதனால் குலையாது. அங்கே கண்ணளவு போதும்.

7. மாற்றும் கணக்கு

கப் எண்ணிக்கையைப் பட்டியலில் உள்ள கிராமால் பெருக்குங்கள். இவ்வளவுதான். சாதாரண அமெரிக்க வெனிலா கேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மைதா 2¼ கப், சர்க்கரை 1½ கப், வெண்ணெய் ½ கப், பால் 1 கப், முட்டை 2, பேக்கிங் பவுடர் 2½ தேக்கரண்டி, உப்பு ½ தேக்கரண்டி.

மைதா 2.25 × 125 = 281, அதை 280 ஆக்கலாம். சர்க்கரை 1.5 × 200 = 300. வெண்ணெய் 0.5 × 227 = 113. பால் 244, தராசில் நேராக ஊற்றிவிடலாம். முட்டையும் கரண்டி அளவுகளும் அடுத்த படிகளில்.

இதே மைதாவை 250 மி.லி. கப்பை டப்பாவில் முக்கி எடுத்திருந்தால் ஒரு கப் ஏறத்தாழ 150 கிராம், மொத்தம் 340-ஐ எட்டும். 60 கிராம் கூடுதல், அதாவது அரைக் கப் மாவு. அந்தக் கேக் வெடித்து, காய்ந்து, கனமாக இருக்கும். செய்தவர் "இன்னும் கொஞ்சம் பால் விட்டிருக்கலாம்" என்பார்.

முழுமையாக்குவதில் ஒரு வரம்பு வையுங்கள். மாவு, சர்க்கரை, திரவம் மூன்றையும் அருகிலுள்ள 5 கிராமுக்குக் கொண்டுவரலாம். சோடா, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் அப்படிச் செய்யக் கூடாது. எழுதப்பட்ட அலகிலிருந்து ஒரே தாவலில் கிராமுக்கு வாருங்கள். கப்பை மில்லிலிட்டராக்கி, அதை அவுன்ஸாக்கி, பிறகு கிராமுக்கு வருபவர்கள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் முழுமையாக்குவார்கள், கடைசியில் அது பெரிய பிழையாகச் சேர்ந்துவிடும்.

அமெரிக்கர்கள் "ஒரு ஸ்டிக் வெண்ணெய்" என்று எழுதுவது 113 கிராம், அரைக் கப். நம் ஊர் 100 கிராம் பாக்கெட்டை ஒரு ஸ்டிக்காக எண்ணிவிடாதீர்கள். மேசைக்கரண்டியில் வெண்ணெய் கேட்டால் ஒன்றுக்கு 14 கிராம். "ஒரு டின் கண்டன்ஸ்டு மில்க்" என்றால் அங்கே 397 கிராம். இங்கே டின்னின் மேல் உள்ள நிகர எடையைப் படித்துப் பாருங்கள், குறைந்தால் இன்னொரு டின்னிலிருந்து எடுத்துச் சேருங்கள்.

8. முட்டையை எண்ணாமல் நிறுங்கள்

அமெரிக்கச் செய்முறையில் முட்டை என்று பொதுவாக எழுதினால் அங்கே "பெரிய" ரகம். ஓடு நீக்கினால் சுமார் 50 கிராம்: வெள்ளைக்கரு 30-ஐ ஒட்டி, மஞ்சள்கரு 18-ஐ ஒட்டி. நம் கடை முட்டைகள் பல அதைவிடச் சிறியவை. நாட்டுக் கோழி முட்டை இன்னும் சிறியது.

இரண்டு முட்டைக்கு 100 கிராம், நான்குக்கு 200. உடைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி நிறுங்கள். குறைந்தால் இன்னொரு முட்டையை உடைத்து, நன்றாகக் கலக்கி, தேவையான கிராமை மட்டும் ஊற்றுங்கள். கலக்காமல் ஊற்றினால் வெள்ளைக்கரு மட்டும் வழுக்கி விழும்.

ஒரு முட்டைக் கேக்கில் ஐந்து கிராம் குறைவதால் ஒன்றும் ஆகாது. ஆறு முட்டை அடித்துச் செய்யும் ஸ்பாஞ்சில் அதுவே 30 கிராம் ஆகும், கேக் தாழ்ந்துபோக அது போதும்.

9. கரண்டி அளவுகளைக் கரண்டியிலேயே விட்டுவிடுங்கள்

எல்லாவற்றையும் கிராமாக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் ¼ தேக்கரண்டி சோடாவையும் தராசில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராம் துல்லியத் தராசுக்கு 1.2 கிராமும் 1.4 கிராமும் ஒன்றுதான். 5 கிராமுக்குக் கீழே அளவுக் கரண்டி அந்தத் தராசைவிட நம்பகமானது. நகைத் தராசு போன்ற 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வைத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

வழித்த ஒரு தேக்கரண்டிக்குச் சமையல் சோடா சுமார் 5 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5, தூள் உப்பு 6, உடனடி ஈஸ்ட் 3. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் ஒரு பாக்கெட் ஈஸ்ட் 7 கிராம், 2¼ தேக்கரண்டி.

உப்பில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர்கள் பலர் "கோஷர் உப்பு" என்று எழுதுவார்கள். அது பெரிய செதில்களாக இருக்கும். டைமண்ட் கிரிஸ்டல் வகையில் ஒரு தேக்கரண்டி 2.8 கிராம்தான், மார்ட்டன் வகையில் 4.8. டைமண்ட் கிரிஸ்டலுக்குப் பதில் நம் தூள் உப்பை அதே கரண்டியில் போட்டால் இரு மடங்கு உப்பாகிவிடும். எந்த வகை என்று தெரியாவிட்டால் சொன்னதில் பாதி போடுங்கள்.

கரண்டியை நிரப்புவதிலும் ஒழுங்கு வேண்டும். குவித்த கரண்டி வழித்த கரண்டியைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகலாம். செய்முறை குவிக்கச் சொல்லாதவரை வழித்துவிடுங்கள்.

10. மாற்றியதும் விகிதத்தைச் சரிபாருங்கள்

அடுப்பைப் பற்ற வைக்கும் முன் காகிதத்தில் உள்ள கிராம்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். பெருக்கலில் செய்த தவறும், தவறான கப்பை எடுத்துக்கொண்டதும் இங்கே அகப்பட்டுவிடும்.

வெண்ணெய் போட்ட கேக்கில் சர்க்கரையின் எடை மாவின் எடையை ஒட்டியோ சற்றே கூடுதலாகவோ இருக்கும். முட்டை எடையும் வெண்ணெய் எடையும் பக்கத்துப் பக்கத்தில் வரும். முட்டையும் பாலும் சேர்ந்த எடை சர்க்கரையைவிடக் குறையாது. மேலே பார்த்த கேக்கில் மாவு 280, சர்க்கரை 300, வெண்ணெய் 113, முட்டை 100, முட்டையும் பாலும் சேர்ந்து 344. எல்லாம் வரம்புக்குள். "பொடித்த சர்க்கரை ஒன்றரைக் கப்" என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சர்க்கரை 180 என்று வந்திருக்கும், 280 கிராம் மாவின் பக்கத்தில் அது உடனே கண்ணில் உறுத்தும்.

பேக்கிங் பவுடர் 120 கிராம் மாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் தேக்கரண்டி, சோடா என்றால் கால் தேக்கரண்டி. இதைவிட இரு மடங்கு வந்தால் கரண்டியைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

ரொட்டியில் பார்க்க வேண்டியது மாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மட்டும். சாதாரண பிரட்டில் தண்ணீர் மாவின் எடையில் 60 முதல் 70 சதவீதம். மூன்று கப் மாவு 360 கிராம், ஒரு கப் தண்ணீர் 237 என்றால் 66 சதவீதம், மிருதுவான மாவு. அதே மூன்று கப்பை முக்கி எடுத்தால் மாவு 435 ஆகி, விகிதம் 54-க்கு இறங்கிவிடும். பிசையவே கை வலிக்கும், பிரட் செங்கல்லாகும். கப் அளவின் பிழை கேக்கைவிட ரொட்டியை அதிகம் தண்டிக்கிறது. ஆகவே எதையாவது ஒன்றை மட்டும் தராசில் செய்வேன் என்பவர்கள் ரொட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

11. கிராமிலிருந்து கப்புக்கு வர வேண்டுமென்றால்

தராசு இல்லாத வீட்டில் சமைக்க வேண்டிய நாள் வரும். அப்போது கிராமை, உங்கள் கப் கொள்ளும் கிராமால் வகுக்க வேண்டும். பிரிட்டனின் விக்டோரியா ஸ்பாஞ்சை எடுத்துக்கொள்வோம்: வெண்ணெய், சர்க்கரை, தானே உப்பும் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மாவு) மூன்றும் தலா 225 கிராம், முட்டை 4. கையில் 250 மி.லி. கப்.

மைதா அந்தக் கப்பில் 131 கிராம் கொள்ளும். 225 ÷ 131 = 1.72, ஆகவே 1¾ கப். நான்கு கிராம் கூடுகிறது, பாதகமில்லை. தானே உப்பும் மாவு நம்மிடம் இருக்காது என்பதால் மைதாவோடு 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடரைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். 150 கிராம் மாவுக்கு 2 தேக்கரண்டி என்பது கணக்கு. சர்க்கரை அந்தக் கப்பில் 210 கொள்ளும், ஆகவே ஒரு கப்பும் ஒரு மேசைக்கரண்டியும். அளந்துவிட்டு மிக்சியில் சில நொடிகள் மட்டும் ஓட்டினால் அவர்கள் போடும் நுண்ணிய சர்க்கரைக்கு நெருங்கிவிடும். வெண்ணெயைக் கப்பில் அடைக்கவே வேண்டாம். 100 கிராம் பாக்கெட் இரண்டு, மூன்றாவதில் கால் பங்கு.

கப்பில் வரும் தசமங்களை ¼, ⅓, ½ பகுதிகளாலும் மேசைக்கரண்டியாலும் கட்டிச் சேர்க்க வேண்டும். 250 மி.லி. கப்பில் ஏறத்தாழ பதினாறரை மேசைக்கரண்டி இருக்கிறது. "1.72 கப்" என்று எழுதிவிட்டுக் கண்ணால் மட்டம் பார்ப்பவர்கள் அளக்கவில்லை, ஊகிக்கிறார்கள்.

12. முதல் முறை செய்யும்போது

கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி மாவு, மறுபடி சுழியமாக்கி கோகோ, மறுபடி சுழியமாக்கி அடுத்தது என்று ஒரே கிண்ணத்தில் நிறுத்துக்கொண்டு போகலாம், பாத்திரம் மிச்சம். ஆனால் சர்க்கரையையும் மாவையும் தனித்தனியாக நிறுங்கள். கை தவறிக் கூடுதலாக விழுந்தால், வேறு பொருளின் மேல் விழுந்ததைத் திரும்ப அள்ள முடியாது. தேனை மட்டும் மற்ற திரவத்தின் மேலேயே நேராக ஊற்றி நிறுங்கள். கப்பில் ஒட்டிக்கொண்டு வீணாகும் ஒரு கரண்டி உங்களுக்கு மிச்சம்.

மாற்றிய செய்முறையை முதல் முறை எதையும் திருத்தாமல் அப்படியே செய்யுங்கள். வெந்து ஆறியபின் அறுத்துப் பார்த்து முடிவெடுங்கள். மேலே வெடித்துக் காய்ந்திருந்தால் மாவு கூடியிருக்கிறது, செய்முறை எழுதியவரின் கப் உங்கள் ஊகத்தைவிட இலேசானது. அடுத்த முறை கப்புக்கு 125-ஐ 120 ஆக்குங்கள். நடுவில் பள்ளம் விழுந்து பசைபோல் இருந்தால், வேக வேண்டிய நேரம் சரியாக இருந்த பட்சத்தில், மாவு குறைந்திருக்கிறது. 135-க்கோ 140-க்கோ போங்கள்.

ஒரு முறைக்கு ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். மாவையும் பாலையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது காரணம் என்று தெரியாது. ஒத்துவந்த எண்ணை அந்தச் செய்முறையின் பக்கத்தில் மையால் எழுதி, பழைய கப் அளவை அடித்துவிடுங்கள். அதே எழுத்தாளரின் அடுத்த செய்முறைக்கும் அந்தக் கப் எடையே பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் ஒருவர் மாவை அள்ளும் கை எளிதில் மாறுவதில்லை.